காவலுக்கு வராதவர்

ஐயா, அம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். சீழைச் சோதித்ததில் இரண்டு கிருமி: ஒன்று அமொக்சிசிலினுக்குச் சாகும், மற்றது சாகாது என்று போட்டிருந்தது. ஐந்து நாள் கொடுத்தும் சாக வேண்டியதுகூடச் சாகவில்லை. குளிசை போலியா? மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டோம்.
ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

கடைசி வரிக்கு முதலில் வருகிறேன். உங்களை யார் டொக்டராக்கினது? அது வைரஸ் காய்ச்சல் என்றால் அந்தக் குளிசை அதைத் தொடவே தொடாது. பிள்ளையின் குடலில் சும்மா கிடந்த கிருமிகள்தான் சாகும். மிஞ்சுவது மருந்துக்கு மசியாதவை. இனிமேல் இந்த வேலை வேண்டாம். போலியா என்ற கேள்வியை விடுங்கள், அறிக்கையோடு நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

'சாக வேண்டியதுகூட' என்று எழுதினீர்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆய்வுகூடத்தில் கிருமிகளைத் தனித்தனியே வளர்த்துத்தான் மருந்து வைத்துப் பார்ப்பார்கள். புண்ணிலோ இரண்டும் ஒரே சீழில் கிடக்கின்றன. மசியாதது பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து மருந்தை உடைத்தால், பக்கத்தில் கிடப்பதும் தப்பிவிடும். அமொக்சிசிலினுக்கு மூத்த உறவான பெனிசிலின் ஊசியாக முதல் நோயாளிக்கு ஏறுமுன்பே, 1940இல், ஒக்ஸ்போர்ட்டில் ஏப்ரகாம், செயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படியொரு நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள். அதே குடும்பத்து அம்பிசிலினைக் கலந்து கிருமி வளர்க்கும் தட்டில் கண்ணாலேயே பார்க்கலாம்: நடுவில் நொதி சுரக்கும் கிருமியின் தடித்த ஒரு பொட்டு, சுற்றிவரக் கசகசா தூவினதுபோல் சின்னப் பொட்டுகள். சின்னதுகளிடம் நொதியும் இல்லை, அதைச் செய்யும் செலவும் இல்லை. அமொக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ப்பது அந்த நொதியை முடக்கத்தான். எல்லா நொதியும் அதற்கு மடங்காது.

அந்தத் தட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்கு எங்கள் வயல் கிடந்த படுவான்கரை ஞாபகம் வந்தது. கதிர் முற்றினால் யானை இறங்கும். அப்பா இரவிரவாகப் பரணில் இருந்து தகரம் தட்டுவார், கொள்ளி எறிவார். அடுத்த வரம்புக்காரர் ஒரு இரவும் காவலுக்கு வந்ததில்லை. யானை வெடிக்கும் சதம் தரமாட்டார். விடிய வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வந்து, "இரவு ஆனை வந்ததாமே?" என்று கேட்பார். வெடிப்புகை மணக்க நிற்கும் அப்பா ஒன்றும் பேசமாட்டார். ஏக்கருக்கு எங்களைவிட இரண்டு மூடை அவருக்குக் கூட. நித்திரை கொண்ட மனிசனுக்குப் பகலில் புல்லுப் பிடுங்க உடம்பில் தெம்பு இருந்தது. அம்மா அந்த இரண்டு மூடையை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரு வருசம் அப்பா காய்ச்சலில் விழுந்தார். பரண் வெறுமையாகக் கிடந்தது. மூன்றாம் இரவு யானை முதலில் இறங்கினது அந்த வரம்புக்காரருடைய வயலில்தான். விடிய எங்கள் படலையில் ஆள் நிற்கிறார், கையில் ஒரு போத்தல் மல்லித் தண்ணி. அப்பாவுக்குக் காய்ச்சல் எப்படியாம்?