கெட்டிமேளத்தில் அழலாமா?

அன்புள்ள அண்ணா,

போன கிழமை கிளிநொச்சியில் என் பெறாமகளின் கல்யாணம். எல்லாம் சந்தோஷமாகத்தான் நடந்தது. தாலி கட்டுகிற நேரம் ஐயர் கையைக் காட்ட, கெட்டிமேளம் முழங்கியது. அறுகரிசியைக் கைக்குள் பொத்திக்கொண்டு நான் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். "நல்ல காரியத்தில் என்ன அழுகை?" என்று மாமி ஏசினார்.

என் கல்யாணம் 1998இல் மல்லாவியில், நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த வளவுக்குள் நடந்தது. மேளம் பிடிக்க வசதியில்லை. கசெற்றில்தான் நாதஸ்வரம். போர்க்காலம், வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து என் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேப் றெக்கோடர் பாடியது. அவனை 2009இல் இறுதிப் போரின்போது மாத்தளனில் இழந்தோம். கல்யாண அல்பமும் அங்கேயே போய்விட்டது. அவனுடைய ஒரு படம்கூட என்னிடம் இல்லை. கெட்டிமேளம் கேட்டால் மட்டும் அவன் வந்து பெடலைச் சுற்றுகிறான். நான் அழுதது பிழையா?

ஒரு வாசகி, வட்டக்கச்சி

அன்புத் தங்கைக்கு,

பிழையே இல்லை. தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ, அழுகையோ, ஆகாத சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதான் தவிலை அவ்வளவு விரைவாகவும் உரக்கவும் அடிக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அப்படியென்றால் அந்த இடத்தில் யாராவது அழுவார்கள் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அழாதே என்று சொல்லாமல், அழுகைக்கு மேலே மேளத்தை அடித்திருக்கிறார்கள். மாமி உங்களுக்குப் பக்கத்தில் நின்றதால் கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது அந்த சைக்கிள். அந்த நாட்களில் நானும் பெடல் சுற்றியிருக்கிறேன், பெரும்பாலும் செய்தி கேட்பதற்கு. கை ஓய்ந்தால் கசெற் இழுபடும், பாடுகிறவரின் குரல் தடித்துப்போகும். "டேய், சுத்தடா" என்று யாராவது சத்தம் போட, திரும்ப வேகமெடுக்கும்போது குரல் கீச்சென்று மேலே போகும். உங்கள் கல்யாண நாதஸ்வரமும் அப்படி ஏறி இறங்கித்தான் வந்திருக்கும். அந்த வித்துவான் எவ்வளவு சுத்தமாக வாசித்திருந்தாலும், நீங்கள் கேட்டதில் உங்கள் தம்பியின் கை உளைவும் கலந்திருந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கெட்டிமேளம் கிடைத்திருக்காது.

எனக்கும் ஒரு இடம் இருக்கிறது. பெண் கூறை மாற்றப் போய், திரும்பி மணவறைக்கு வரும்வரைக்கும் உள்ள நேரம். சபை கதைக்கத் தொடங்கிவிடும், சிலர் எழும்பி வெளியே போவார்கள். ஆனால் நாதஸ்வரக்காரருக்கு ஒரு ராகத்தை ஆறுதலாக எடுத்து வாசிக்க முழுக் கல்யாணத்திலும் கிடைக்கிற இடைவெளி அதுதான். என் தங்கையின் கல்யாணம் 2003இல் முள்ளியவளையில் நடந்தது. போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை 2002 சித்திரையில் திறந்திருந்ததால், யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து மேளம் வந்தால்தான் கல்யாணம் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். இளந்தாரியாக இருந்தபோது இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கோயில் திருவிழாக்களில் கேட்டவர் அவர். 1975இல் தட்சிணாமூர்த்தி மறைந்த செய்தி வந்த நாளில் அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவார்.

அன்று பெண் கூறை மாற்றப் போனதும், நாதஸ்வரக்காரர் நூலில் தொங்கிய சீவாளிகளில், அதுதான் வாயில் வைத்து ஊதுகிற துண்டு, ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, சரிவராமல் வேறொன்றை மாற்றினார். பிறகு மோகனத்தைத் தொட்டார். அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு நேரே முன்னால் போய் இருந்தார். பெண்ணைப் பெற்றவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை. ஐயர் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை. தொடையில் தாளம் போட்ட அந்தக் கை, சுண்டுவிரல் சற்று வளைந்த கை, இப்போதும் எந்த மண்டபத்தில் பெண் கூறை மாற்ற எழுந்தாலும் என் கண்ணுக்குள் வந்துவிடும்.

அதனால்தான் அந்த இடைவெளியில் பெட்டியில் சினிமாப் பாட்டுப் போடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. பாட்டில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் அதே இடத்தில் அதே மேளம் வருவதால்தானே பழைய கல்யாணம் புதியதற்குள் நுழைய முடிகிறது? வன்னியில் உங்களைப்போல எத்தனை குடும்பங்களின் அல்பங்கள் 2009இல் மண்ணோடு போயின. அப்புறம் நமக்கு மிஞ்சியதில் இதுவும் ஒன்று. கூடு மாட்டிய விரல்களும் கழி பிடித்த கையும் தவிலில் ஒன்றாக விழும்போது நெஞ்சுக்குள் அதிர்வதை எந்தப் பெட்டியும் தராது. பிள்ளைகளின் கல்யாணம் பேசும் பெற்றோரிடம் நான் கேட்பது இதைத்தான்: வீடியோச் செலவில் கொஞ்சம் குறைத்தாவது மேளத்தைப் பிடியுங்கள். வந்த மேளகாரரைச் சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி வரைக்கும் காக்க வைக்காதீர்கள்.

பெறாமகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அந்த சைக்கிள் கதையைச் சொன்னீர்களா? சொல்லுங்கள். அவர்கள் கல்யாண வீடியோவில் நீங்கள் அழுகிற இடம் வந்தால், ஏன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கசெற்றில் வாசித்தவர் யார் என்று உங்களுக்கோ உங்கள் அவருக்கோ நினைவிருந்தால் எழுதுங்கள். பழைய கசெற்றுகள் சேர்த்து வைத்திருக்கிற ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணா