கால நீட்டிப்பு மறுக்கப்பட்டால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

கேள்வி: மெல்பர்னில் ஒரு சரக்குக் கிடங்கில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். பணிநீக்கக் கடிதம் வந்ததும் நிறுவனத்துக்குள்ளேயே முறையிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். அதனால் ஆஸ்திரேலியாவின் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் ஆணையத்தில் 12 நாள் தாமதமாகத்தான் விண்ணப்பிக்க முடிந்தது. கால நீட்டிப்பு தர முடியாது என்று சென்ற வாரம் முடிவு வந்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போனால் என் காரணத்தை நீதிபதி ஏற்பாரா?

பதில்: உங்கள் காரணம் நல்லதா என்ற கேள்வியை நீதிபதி கேட்கவே மாட்டார். அதற்கும் முன்பாக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: ஆணையத்தின் முழு அமர்வுக்கு, அதாவது பல உறுப்பினர்கள் சேர்ந்து விசாரிக்கும் அமர்வுக்கு, மேல்முறையீடு. அதற்கும் முடிவு வந்த நாளிலிருந்து 21 நாள்தான் கெடு. அதில் ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

நியாயமற்ற பணிநீக்கம் குறித்த விண்ணப்பத்தைப் பணிநீக்கம் நடைமுறைக்கு வந்த 21 நாளுக்குள் தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம், 394ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்குப் பின் வரும் விண்ணப்பத்தை ஏற்க 'விதிவிலக்கான சூழ்நிலை' இருக்க வேண்டும். தாமதத்தின் காரணம், பணிநீக்கம் பற்றி எப்போது அறிந்தீர்கள் என்பது, அதை எதிர்க்க என்ன செய்தீர்கள் என்பது, முதலாளிக்கு ஏற்படும் பாதகம், வழக்கின் வலு, உங்களைப் போன்ற பிறரோடு ஒப்பிடும்போது நியாயம் ஆகிய ஆறையும் ஆணையம் எடைபோட வேண்டும். நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருந்தது மட்டுமே விதிவிலக்கான சூழ்நிலையாக ஏற்கப்படுவது அரிது. உள்முறையீடு செய்வதால் கெடு நின்றுவிடுவதில்லை. எனினும் பணிநீக்கத்தை உடனே எதிர்த்தீர்கள் என்பதற்கு அது சான்று என்பதால், அந்த மின்னஞ்சல்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முழு அமர்வு உங்கள் மேல்முறையீட்டைக் கேட்பதற்கே பொதுநலன் சார்ந்த காரணம் தேவை என்கிறது 400ஆம் பிரிவு. நீட்டிப்பை மறுத்த ஆணைய உறுப்பினர் உங்களுக்குச் சாதகமாக முடிவெடுத்திருக்கலாம் என்று வாதிடுவது போதாது. அவர் தவறான அளவுகோலைப் பயன்படுத்தினார், கருத வேண்டியதைக் கருதவில்லை, அல்லது கருதக் கூடாததைக் கருதினார் என்று காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, தாமதமான காலம் முழுவதற்கும் ஏற்கத்தக்க காரணம் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2018இல் முழு அமர்வு ஒரு வழக்கில் தெளிவாக்கியது. உங்கள் முடிவில், '12 நாளுக்கும் காரணம் காட்டவில்லை, ஆகவே மறுக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் ஆறு அம்சங்களும் ஒழுங்காக ஆராயப்பட்டிருந்தால், பணத்தையும் தூக்கத்தையும் மிச்சப்படுத்திக்கொள்வதே நல்லது என்பேன்.

முழு அமர்விலும் தோற்றால்தான் ஃபெடரல் நீதிமன்றத்தின் நீதிப் புனராய்வு. இது இன்னொரு மேல்முறையீடு அன்று. ஆணையம் தன் அதிகாரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதா, உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் முடிவெடுத்ததா என்பன போன்ற அதிகார வரம்புப் பிழைகளை மட்டுமே நீதிமன்றம் தேடும். முழு அமர்வைத் தாண்டி நேரே வந்தால், இருந்த வழியைப் பயன்படுத்தவில்லை என்பதற்காகவே நிவாரணம் மறுக்கப்படலாம். நீங்கள் வென்றாலும் நீதிமன்றம் கால நீட்டிப்பைத் தானே தந்துவிடாது. முடிவை ரத்துசெய்து, சட்டப்படி மீண்டும் பரிசீலிக்கும்படி ஆணையத்துக்கே அனுப்பும். அங்கே நீட்டிப்பு கிடைத்த பிறகுதான் பணிநீக்கம் நியாயமா என்ற விசாரணையே தொடங்கும். அதிலும் வென்றால் கிடைக்கக்கூடிய இழப்பீடு அதிகபட்சம் 26 வாரச் சம்பளம். அதற்கும் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு. வழக்கறிஞர் கட்டணத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கடைசிச் சம்பளமோ விடுப்புத் தொகையோ நிலுவையில் இருந்தால் அது தனி விவகாரம். அதற்கு 21 நாள் கெடு பொருந்தாது. ஆறு ஆண்டுகள் வரை கோரலாம்.