ரெண்டு நாள்ல அடங்குது, விட்டா திரும்ப வருது

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: வீட்டுக்காரர் செம்பனைக்குக் களைக்கொல்லி அடிக்கிறவரு, கையுறை முடியிற எடத்துல ரெண்டு மணிக்கட்டும் பட்டையா சிவந்து அரிக்குது, கிளினிக்ல குடுத்த ஸ்டெராய்டு கிரீம் போட்டா ரெண்டே நாள்ல அடங்குது, விட்டா திரும்ப வருது, அது உள்ள போயி என்னதான் பண்ணுது, தொடர்ந்து போடலாமான்னு.

அக்கா, இது ஜிம் பசங்க போடுற ஸ்டெராய்டு இல்ல, அந்தப் பயத்த விட்டுடுங்க. சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி தெனமும் கார்டிசால்னு ஒரு ஹார்மோன சுரக்குதுல்ல, அதுக்கு உறவுக்காரன்தான் இந்தக் கிரீம்ல இருக்கிற மருந்து. தோல் செல்லுக்குள்ள போயி அத ஏத்துக்கிற ஒரு புரதத்தோட (ரிசெப்டர்) ஒட்டிக்கிட்டு, ஜீன்கள் இருக்கிற நியூக்ளியஸ் வரைக்கும் போகும், அங்க வீக்கத்துக்கு ஆள் கூப்பிடுற புரதங்கள தயாரிக்கிற ஜீன்கள அமுத்தி வைக்கும், வீக்கத்தக் கிளப்புற புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள் உண்டாகுற வழியையும் அடைக்கும், அதனால சிவப்பும் அரிப்பும் கொறையுது. ரத்தக்குழாயும் சுருங்கும், அதான் தடவுன எடம் லேசா வெளுத்துப் போகுது. 1952லயே ஹைட்ரோகார்டிசோன தோல்ல தடவி பலன் பார்த்துட்டாங்க.

ஆனா எதனால வந்துச்சுன்னு கிரீமுக்குத் தெரியாதே. எனக்குச் சந்தேகம் கையுறை மேலதான். களைக்கொல்லி உள்ள ஒழுகி வேர்வையோட நாள் பூரா ஊறுதா, இல்ல அந்த ரப்பரே அவருக்கு ஒத்துக்கலையா? அது மாறாம தடவிக்கிட்டே இருந்தா மாசக்கணக்குல தோல் மெலிஞ்சு, கோடு கோடா விழுந்துடும்.

அளவு: ஆள்காட்டி விரல் நுனியில இருந்து மொத ரேகை வரைக்கும் பிதுக்குனா கிட்டத்தட்ட அரை கிராம், அது விரலோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு எடத்துக்குப் போதும். எத்தன நாள்னு கிளினிக்ல சொன்னத மீற வேணாம். கைக்குக் குடுத்தத மூஞ்சியில தடவக்கூடாது, அங்க தோல் மெல்லிசு, மருந்து நெறைய உள்ள எறங்கும். பசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, லேபிள் இல்லாம விக்கிற கிரீம் பக்கமே போகாதீங்க, அதுல எந்த ஸ்டெராய்டு எவ்வளவு கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்!

ஓரம் தடிச்சு, செதில் விட்டு, வட்டமா பரவுனா அது பூஞ்சையால வர்ற படையா இருக்கலாம், மலாய்ல கூராப்னு சொல்வாங்களே அது. ஸ்டெராய்டு போட்டா சிவப்பு மட்டும் மறையும், பூஞ்சை உள்ளுக்குள்ள ஜோரா வளரும்.

அடுத்த தடவ போறப்ப அந்தக் கையுறைய ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, களைக்கொல்லி டின்னு லேபிளயும் போட்டோ புடிச்சுக்கட்டும். எது ஒத்துக்கலைன்னு தோல்ல ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் வேணுமான்னு பார்த்து அனுப்புவாங்க.