ஆள்காட்டிக் கூடும் ஓர் உறுப்பினர் நீக்கமும்

கேள்வி: பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் பறவை நோக்கர் சங்கம் பதிவு பெற்றது. நாற்பது உறுப்பினர்கள். கடந்த மே மாதம் நாங்குநேரிப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் ஆள்காட்டிப் பறவை அடைகாத்துக்கொண்டிருந்த இடத்துக்கு, எங்கள் உறுப்பினர் ஒருவர் வெளியாட்கள் சிலரைக் கேமராவோடு அழைத்துப் போனார். மறுநாள் பார்த்தால் முட்டைகள் பாழ். நானே புகார் எழுதினேன். அன்று மாலையே செயற்குழுவைக் கூட்டி அவரை நீக்கிவிட்டோம். இப்போது அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். உறுப்பினர்களில் பாதிப் பேர் அவர் பக்கம் நிற்கிறார்கள். எங்கள் தீர்மானம் நிலைக்குமா?
– செயலாளர், பாளையங்கோட்டை

பதில்: நிலைக்காது. அவர் செய்தது சரி என்பதால் அல்ல, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நீக்கியதால்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆள்காட்டி கூடென்று ஒன்றும் கட்டுவதில்லை. வெறுந்தரையில் ஒரு சிறு குழி, சுற்றிலும் நாலு கூழாங்கல், நடுவே மண்கட்டி நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். வெயில் ஏறினால் தாய்ப்பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கும். உச்சிவெயிலில் அதை அரை மணி நேரம் அண்டவிடாமல் ஆட்கள் சூழ்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் சங்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அத்தனை கனமான விஷயம் இது. கனமான விஷயம் என்பதாலேயே அரைகுறையாகச் செய்துவிட்டு நீதிமன்றத்தில் தோற்கக் கூடாது என்கிறேன்.

சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையே இருப்பது ஓர் ஒப்பந்தம். உங்கள் துணைவிதிகள்தாம் அந்த ஒப்பந்தம். பெல்காமில் இருந்த ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜ் (தங்கும் விடுதி அல்ல, உறுப்பினர் சங்கம்) தன் உறுப்பினரை நீக்கியது தொடர்பான டாவர் வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நீக்கும் அதிகாரம் விதிகளிலிருந்து வருகிறது. விதிப்படி நடந்தார்களா, சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்டார்களா, நல்லெண்ணத்தோடு செய்தார்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். தண்டனை கூடுதலா குறைவா என்று உங்கள் செயற்குழுவின் நாற்காலியில் தான் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாது. அந்த வழக்கில் நீக்கப்பட்டவர் தோற்றார், நீக்கம் நிலைத்தது. முறையாகச் செய்தால் உங்கள் நீக்கமும் நிலைக்கும்.

முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து, பதிவின்போது கொடுத்த துணைவிதிகளின் நகலை எடுங்கள். நீக்கும் அதிகாரம் செயற்குழுவுக்கா, பொதுக்குழுவுக்கா? எத்தனை நாள் அவகாசம்? கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்? பல சங்கங்களில் இந்தப் பக்கத்தை யாரும் படித்ததே இல்லை. வேறு ஏதோ சங்கத்தின் விதிகளைப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்ததோடு சரி. நீக்கும் அதிகாரம் பொதுக்குழுவிடம் இருந்தால் உங்கள் செயற்குழுத் தீர்மானம் பிறக்கும்போதே செத்துவிட்டது.

அடுத்தது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இங்கேதான் பெரும்பாலான சங்கங்கள் இடறி விழுகின்றன. “தாங்கள் சங்கத்தின் நோக்கத்துக்கு விரோதமாகச் செயல்பட்டு வருவதால்” என்று தொடங்கும் நோட்டீஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த மனிதர் என்ன பதில் எழுத முடியும்? இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன குளம், உடன் வந்தவர்கள் இத்தனை பேர், கூட்டிலிருந்து இத்தனை அடி தூரம், நேரில் பார்த்தவர் யார், இது எந்த விதியை மீறுகிறது என்று எழுதுங்கள். புகைப்படம் இருந்தால் நகல் வையுங்கள். பதிலுக்குப் பதினைந்து நாளாவது கொடுங்கள். விதி அதிகம் சொன்னால் அதன்படி. நீக்கம் வரை போகக்கூடும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். ‘வேட்டையாடினார்’, ‘முட்டைகளைக் கொன்றார்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். முட்டைகள் பாழானதை மறுநாள்தான் பார்த்திருக்கிறீர்கள். கண்டதை மட்டும் எழுதினால் அவதூறு வழக்குக்கு இடமிருக்காது. குற்றமா இல்லையா என்பதை வனத்துறையும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். கூட்டருகே ஆட்களைக் கூட்டிப் போனது உங்கள் விதிக்கு மாறானதா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

விசாரணையன்று நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. புகார் கொடுத்தவர் நீங்கள். சாட்சியாகப் பேசுங்கள், அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், முடிவெடுக்கும்போது எழுந்து வெளியே போய்விடுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதச் சொல்லுங்கள். இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் புகார் கொடுத்த நீங்களே தீர்ப்பும் சொன்னதைப் பார்த்துத்தான் அந்தப் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். கூட்டைப் பாழாக்கியதற்கு ஆதரவாக அவர்கள் நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பாதிப் பேரை லேசாக எண்ண வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, பிரிவு 36-இன்படி, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் விண்ணப்பித்தால் மாவட்டப் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளையும் கணக்குகளையும் விசாரிக்கலாம். நாற்பதில் பதினான்கு கையெழுத்துப் போதும். உறுப்பினர் உரிமைத் தகராறு கடைசியில் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அவர் விளம்புகை கேட்டு, அதாவது தான் இன்னும் உறுப்பினரே என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரி, வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் அவரை அழைக்காமல் பொதுக்குழு கூட்டினால் அங்கே நிறைவேறும் தீர்மானங்களும் தேர்தலும் சேர்ந்து கேள்விக்குள்ளாகும்.

நீக்கம்தான் ஒரே வழியா என்றும் செயற்குழு யோசிக்கட்டும். விதி இடம் கொடுத்தால் ஓர் அடைகாக்கும் பருவம் முழுக்கக் களப்பயணங்களிலிருந்து விலக்கி வைக்கலாம். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம். கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு வைக்கின்றன. அவற்றை ஊர்க்காரர்கள் எப்படிப் பொறுத்துப் போகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்துத் திருந்தியவர்களை எனக்குத் தெரியும். இரண்டாம் முறையும் இதையே செய்தால், அல்லது கேட்டதற்கு அலட்சியமாகப் பதில் சொன்னால், நீக்குங்கள்; நான் தடுக்க மாட்டேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று: செயற்குழுவைக் கூட்டிப் பழைய தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அவருடைய வக்கீலுக்கு நான்கே வரியில் பதில் அனுப்புங்கள். நீக்கத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது, அவர் உறுப்பினராகத் தொடர்கிறார், மே மாதச் சம்பவம் குறித்து விதிப்படி புதிய நோட்டீஸ் தனியே வரும். இதற்கு மேல் அதில் ஒரு வரியும் சேர்க்க வேண்டாம்.