வாசகர் கேள்வி–பதில்: நரம்பும் நஞ்சும்

கேள்வி: தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த என் மாமாவை எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்) தீண்டியது. விடியும்போது அவரால் கண்ணிமைகளைத் தூக்க முடியவில்லை. பின்னர் மூச்சும் திணறியது. விஷமுறிப்பு மருந்து ஏற்றிய பின்னரும் பல நாட்கள் வென்டிலேற்றரில் வைத்திருந்தார்கள். மருந்து வேலை செய்யவில்லையா?
– வாசகி, கோப்பாய்

பதில்: மருந்து தன் வேலையைச் செய்திருக்கும், ஆனால் அந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. நரம்பு நுனிக்கும் தசைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி ஒன்று இருக்கிறது. நரம்பு நுனியில் சுரக்கும் அசற்றைல்கோலீன் என்ற இரசாயனம் அதைக் கடந்து, தசையில் அதை ஏற்றுக்கொள்ளும் இடங்களான வாங்கிகளில் பிணைந்தால்தான் தசை சுருங்கும். நாகத்தின் நஞ்சு பெரும்பாலும் அந்த வாங்கிகளை அடைத்துக்கொள்கிறது. எண்ணெய் விரியனின் நஞ்சோ நரம்பு நுனியையே தாக்கி, அசற்றைல்கோலீன் நிரம்பிய நுண்பைகளை வெறுமையாக்கி, நுனியையும் சிதைத்துவிடுகிறது. குதிரைகளிலிருந்து பெறப்படும் விஷமுறிப்பு மருந்து குருதியில் சுற்றும் நஞ்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யுமே தவிர, சிதைந்த நுனியைச் சீராக்காது. அது மீண்டும் வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை மூச்சு இயந்திரத்தின் பொறுப்பு.

இமை திறக்க முடியாமல் கிடப்பவருக்குப் பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை. கட்டிலருகே நின்று "இனித் தப்பமாட்டார்" என்று கதைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இந்தப் பாம்பின் கடியில் வலியோ தடமோ தெரியாமலும் போகலாம். ஆகவே, தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச் சரிவும் கண்டால், கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: வெங்காயத்துக்குப் பூச்சிமருந்து அடித்த அயலவருக்கு எச்சிலும் வியர்வையும் பெருகின. ஊமத்தையில் உள்ள பொருளையே அவருக்கு ஊசியாக ஏற்றியதாகச் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், இணுவில்

பதில்: உண்மையாக இருக்கலாம், அந்தப் பொருளின் பெயர் அத்ரோபின். அசற்றைல்கோலீன் தன் வேலை முடிந்ததும் ஒரு நொதியத்தால் சிதைக்கப்பட வேண்டும். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தை முடக்குவதால், அசற்றைல்கோலீன் தேங்கி, சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன, கண்மணி சுருங்குகிறது, தசைகள் துடித்துத் துடித்து இறுதியில் சோர்கின்றன. அத்ரோபின் சுரப்பிகளிலும் இதயத்திலும் சுவாசக் குழாய்களிலும் உள்ள வாங்கிகளை மறித்துக்கொள்கிறது. தசை வாங்கிகளில் அதன் கை ஓங்குவதில்லை என்பதால் சுவாசத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். வைத்தியர் அளந்து ஏற்றுவது வேறு, வீட்டில் ஊமத்தங்காயை அரைத்துக் கொடுப்பது வேறு; பின்னது இரண்டாவது நஞ்சு. பூச்சிமருந்தில் நனைந்த சட்டையைக் கழற்றி, தோலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதே வீட்டில் செய்யக்கூடியது.

கேள்வி: பேத்தை மீனை நன்றாக அவித்தால் நஞ்சு போய்விடாதா?
– வாசகர், குருநகர்

பதில்: போகாது. அதன் நஞ்சு சமையல் சூட்டுக்கு அழிவதில்லை. நரம்புக்கலத்தின் சுவரில் சோடியம் அயன்கள் நுழையும் வாயில்களை அது வெளிப்புறமிருந்து அடைப்பதால், நரம்பு செய்தி கடத்தும் மின்துடிப்பான மின்கணத்தாக்கமே எழுவதில்லை. முதலில் உதடும் நாக்கும் மரத்து, பின்னர் மூச்சு நிற்கும். பல் வைத்தியர் மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியும் இதே வாயில்களைத்தான் அடைக்கிறது, ஆனால் உட்புறமிருந்து, ஊசி போட்ட இடத்தளவில், சிறிது நேரத்துக்கு மட்டும். பேத்தையின் நஞ்சுக்கு முறிப்பு மருந்து கிடையாது.