படியப் பத்தி முதல்ல பேசுவோம் தம்பி

கடிதம்:

அண்ணே வணக்கம். எனக்கு ஊரு தேவகோட்டை பக்கம், பேரு போட வேணாம். பொறந்ததுல இருந்தே ரெண்டு காலும் வராது, வீல்சேர்தான். அஞ்சாறு வருஷமா கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் பங்ஷன்னு மைக் புடிச்சுக்கிட்டிருக்கேன், கூட்டம் நல்லா சிரிக்கும். ஆனா முடிஞ்சதும் மேடைக்கு வர்றவங்க நான் சொன்ன ஒரு ஜோக்கப் பத்திக்கூட பேசுறதில்ல, பொன்னாடையப் போத்தி "ஒங்களப் பாத்தா எங்களுக்கெல்லாம் தன்னம்பிக்கை வருது"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தா நாலு எடத்துல கூப்புடுறாங்க, மத்த மாசம் போனே வராது. டிவில ஆங்கர் ஆகணும், ஸ்டாண்ட் அப் பண்ணணும்னு ஆசை. என்ன மாதிரி இருந்து அப்புடி வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? இன்னொன்னு, வீல்சேர வச்சு நானே ஜோக் அடிச்சா எங்க அப்பத்தா "நம்மள நாமளே கேவலப்படுத்தலாமாடா"ன்னு அழுகுறாக. நான் செய்யறது தப்பாண்ணே?

பதில்:

தம்பி, ஒங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். அந்தப் பொன்னாடை விஷயம் மனச அறுத்துருச்சு, ஏன்னா அந்தப் பொன்னாடையப் போத்துன கூட்டத்துல நானும் நின்னுருக்கேன்.

போன தை மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம், பூர்வீக வீட்டுலயே வச்சாங்க. நம்ம செட்டிநாட்டு வீடு எப்புடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியும், தெருவுல இருந்து ஏழு படி ஏறணும், அப்புறம் தலைவாசல் நிலை, அதத் தாண்டுனாத்தான் முகப்பு, அங்கேருந்து வளவுக்கு, அதான் நடு முற்றத்துப் பக்கம், போனா திரும்பவும் எறங்கி ஏறணும். வீல்சேர்ல வந்த ஒரு சின்னப் பையன நாலு பேரு சேரோட தூக்குனாங்க. மூணாவது படில ஒருத்தருக்கு வேட்டி தடுக்கி சேர் ஒரு பக்கமா சாஞ்சுருச்சு, அந்தப் பையன் கைப்பிடிய எப்புடிப் புடிச்சாம்னா வெரலெல்லாம் வெளுத்துப்போச்சு. மேல வந்ததும் எல்லாரும் கைதட்டுனோம், ரெண்டு பேரு வீடியோ வேற எடுத்தாங்க. அவன் சிரிக்கவே இல்ல. எதுக்குக் கைதட்டுனோம்னு அன்னைக்கு ராத்திரி யோசிச்சப்பதான் எனக்கு உறுத்துச்சு.

நீங்க கேட்ட ஆளு இருக்காங்க. ஸ்டெல்லா யங்னு ஆஸ்திரேலியாக்காரம்மா. 1982ல விக்டோரியா மாநிலத்துல ஸ்டாவெல்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவங்க, சுலபமா எலும்பு ஒடையற வியாதி, அவங்களுக்கும் வீல்சேர்தான். பதினாலு வயசுல அவங்க செஞ்ச மொத வேலை என்னன்னா அந்த ஊரு கடை கண்ணியெல்லாம் வீல்சேர்ல உள்ள போக முடியுதா இல்லையான்னு ஒரு கணக்கெடுப்பு எடுத்தது. எனக்கு அதப் படிச்சதும் நம்ம கடைத்தெரு ஞாபகந்தான் வந்துச்சு, வாசல்ல ரெண்டு படி இல்லாத கடைய விரல் விட்டு எண்ணிடலாம்.

அப்புறம் பத்திரிகைப் படிப்பு படிச்சாங்க, டீச்சர் வேலை பாத்தாங்க, மெல்போர்ன் மியூசியத்துலயும் இருந்தாங்க. டிவிக்கு வந்தது பெரிய சேனல் வழியா இல்ல, சேனல் 31ங்கிற கம்யூனிட்டி டிவி, நம்ம ஊரு லோக்கல் கேபிள் மாதிரின்னு வச்சுக்கங்களேன். அதுல மாற்றுத்திறனாளிகளப் பத்தின ஒரு நிகழ்ச்சிய எட்டு சீசன் நடத்துனாங்க. கேமராவுக்கு முன்னாடி எப்புடிப் பேசுறது, எங்க நிறுத்துறது, விருந்தாளி தடுமாறுனா எப்புடித் தாங்குறதுன்னெல்லாம் அங்க ஒக்காந்துதான் கை வந்துருக்கணும்னு நான் நெனைக்கிறேன். ஸ்டாண்ட் அப்லயும் அப்புடித்தான், புதுசா வர்றவங்களுக்கு வைக்கிற போட்டில கலந்துக்கிட்டு ரெண்டு தடவ மாநில அளவுல பைனல் வந்தாங்க, 2014ல மெல்போர்ன் காமெடி திருவிழாவுல மொதத் தனி ஷோ போட்டு அந்த வருஷத்தோட சிறந்த புதுமுகம் விருத வாங்குனாங்க. அதே வருஷம் டிசம்பர்ல, 32 வயசுல, போயிட்டாங்க.

அதே 2014ல சிட்னில அவங்க பேசுன ஒரு மேடைப் பேச்சு ஒலகம் பூரா சுத்துச்சு, நீங்க அவசியம் பாக்கணும். பதினஞ்சு வயசுல ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து இந்தப் புள்ளைக்குச் சாதனை விருது குடுக்கணும்னாராம், அப்பா அம்மா "சந்தோஷம், ஆனா அவ ஒரு சாதனையும் செய்யலையே"ன்னுட்டாங்களாம். டீச்சரா இருந்தப்ப ஒரு பையன் பாடத்துக்கு நடுவுல "எப்ப மிஸ் ஊக்கப் பேச்ச ஆரம்பிப்பீங்க"ன்னு கேட்டானாம், வீல்சேர்ல வர்றவங்கன்னா அதுக்குத்தான் வருவாங்கன்னு அவனுக்குப் பழக்கம். ஒங்க பொன்னாடையும் இதேதான் தம்பி. பாக்குறவன் "நம்ம நெலம இத விடத் தேவலாம்"னு ஆறுதல் பட்டுக்கிட்டுப் போறதுக்கு நீங்க மேடை ஏறல. படிக்கட்டப் பாத்து எவ்வளவு சிரிச்சாலும் அது சாய்தளமா மாறிடாதுன்னும் அந்தப் பேச்சுலதான் சொன்னாங்க.

இப்ப அப்பத்தா விஷயம். அவுக அழுகுறதுல நியாயம் இருக்கு. அவுக பாத்து வளந்த சினிமா காமெடில திக்குவாய்க்காரரு, காது கேக்காதவரு, நொண்டி நடக்குறவருன்னாலே மத்தவன் அடிக்கிற அடிய வாங்கிக்கிறதுக்குத்தான், சிரிப்பு அவங்க மேலதான் விழும். நீங்க சொல்றப்போ சிரிப்பு யாரு மேல விழுதுன்னு பாருங்க. "சேர் தள்ள நாலு பேரு ஓடி வர்றாங்க, எங்க போகணும்னு ஒருத்தரும் கேக்கல"ன்னு நீங்க சொன்னா அங்க சிக்குனது அந்த நாலு பேரு, நீங்க இல்ல. 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டும் ஒரு சினிமா வழக்குல இதத்தான் சொல்லுச்சு, மாற்றுத்திறனாளிகளக் கேவலப்படுத்துற நகைச்சுவை வேற, அவங்க வாழ்க்கையப் புரிய வைக்கிற நகைச்சுவை வேற, ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாதுன்னு. அப்பத்தாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போயி முன்னாடி ஒக்கார வைங்க, கூட்டம் எந்த எடத்துல சிரிக்குதுன்னு அவுகளே காதால கேக்கட்டும்.

ஆனா வீல்சேர் ஜோக்கையே முழு நேரமும் பண்ணாதீங்க, இது என் கருத்து. சீர் வரிசை, பந்தில எல பிடிக்கிற சண்டை, வெளிநாட்டுல இருந்து வந்து ஏசி இல்லையான்னு கேக்குற மாப்ள, இதெல்லாம் ஒங்க கண்ணு முன்னாடி நடக்குது, அதப் பேச ஒங்கள விட்டா யாரு. டிவிக்காரங்களுக்கு அனுப்புற வீடியோல மொத ரெண்டு நிமிஷம் இதுவா இருக்கட்டும்.

அப்புறம் படி. அட்வான்ஸ் வாங்குறப்பவே மேடைக்கு எத்தனை படி, சாய்தளம் இருக்கான்னு கேளுங்க, கூச்சமே வேணாம். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொதுமக்கள் வந்துபோற கட்டடம், தனியாருதா இருந்தாலும், எல்லாரும் உள்ள போற மாதிரி இருக்கணும். ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம்ங்கிறது சாய்தளக் கணக்கு. எங்க வீட்டு ஏழு படிய டேப் வச்சு அளந்தேன், மூணரை அடி வந்துச்சு, அப்ப 42 அடி வேணும், தெருவுல அவ்வளவு எடம் கெடையாது. பின்கட்டு வாசல்ல ஒரே படிதான், ஏழு அடிப் பலகை போதும், ஆனா விருந்தாளியப் பின்வாசல் வழியா கூட்டிட்டு வர எனக்கு மனசு ஒப்பல. முன்வாசல்லயே சாய்தளத்தத் திண்ணையோரமா மடிச்சு திருப்பிக் கொண்டுவர முடியுமான்னு ஆசாரி வந்து பாத்துட்டுப் போயிருக்காரு.

ஒங்க அடுத்த நிகழ்ச்சி எங்கன்னு எழுதுங்க. வந்து முன்வரிசைல ஒக்காருறேன், பொன்னாடை கொண்டு வர மாட்டேன், எந்த ஜோக்கு எடுபடலையோ அத முடிஞ்சதும் ஒங்ககிட்டயே சொல்றேன்.