மாடித் தோட்டத்துல தக்காளி, கத்தரி வைக்க தொட்டில வெறும் செம்மண் மட்டும் போட்டா போதுமா?

போதாதுங்க. வெறும் செம்மண்ணுன்னா தண்ணி ஊத்த ஊத்த இறுகிடும், வேருக்குக் காத்து போகாது, மாடிக்கும் பாரம் ஜாஸ்தி. நான் போடுறது செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரமோ நல்லா மக்குன தொழு உரமோ ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆனா கோகோபீட்ட அப்படியே கொட்டிடாதீங்க, தேங்கா நார்ல உப்பு இருக்கும், 2, 3 தடவ தண்ணில ஊற வச்சுப் பிழிஞ்சுதான் சேக்கணும், முதல் வருஷம் நான் அலசாம போட்டு கத்தரி நாத்து பூரா இலை நுனி கருகிப் போச்சு, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. கோகோபீட் ஈரம் பிடிச்சு வைக்கத்தான், சத்து பெருசா கிடையாது, அதனால உரத்துல கஞ்சத்தனம் வேணாம். கலந்தத கையில அமுக்கிப் பாருங்க, உருண்டையா நின்னு விரல் பட்டதும் உதிரணும். தொட்டி அடியில ஓட்டை கண்டிப்பா இருக்கணும்.